எதிர் சீட்டில் ஆள் இருக்கு

ரோஸ்வீட்டா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். முகம் எல்லாம் பிறகுதான். சால்ஸ்பர்க்கில் ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் ஒரு செருப்புக் கடையில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். ஆயுசில் பாதியை ஊரார் பாதங்களுக்கு முன்னால் முட்டி போட்டே கழித்துவிட்டாள். என் அண்ணன் அலோய்ஸ் அவளை முதல்முறை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, கதவைத் திறந்த எனக்கு அவள் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இது உங்களுக்கு ஒரு சைஸ் சின்னதாச்சே, வலிக்கலையா?" என்றாள். வரப்போகிற நாத்தனாரிடம் பேசும் முதல் பேச்சா இது? ரொம்ப நாள் நான் அவளை மன்னிக்கவில்லை. கால் வலித்தது என்னவோ உண்மை.

பிறகு ஒட்டிக்கொண்டோம். அண்ணன் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான் என்று ஆகிவிட்டது. பார்த்தீர்களா, 'போன பிறகு' என்று எழுதிவிட்டேன். அவள் எதிரில் அப்படிச் சொன்னால் தொலைந்தேன். "லொய்ஸ் இன்னும் வரலை" என்பாள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

நடந்தது இதுதான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒவ்வொரு ஆகஸ்டும் வெனிஸ் பக்கத்துக் கடற்கரைக்குப் போவார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் போவதும் அங்கேதான். மலையைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்களுக்கு ஒரு வாரமாவது தட்டையாக ஏதாவது வேண்டுமே. காலையில் புறப்படும் ரயில், மத்தியானம் வில்லாக் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஸ்லொவேனியா வழியாக ரியெக்கா துறைமுகத்துக்கு. பின்பாதி இத்தாலிக்கு. சாப்பாட்டுப் பெட்டி முன்பாதியில் இருக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு மாமாவாவது பீர் கிளாஸும் கையுமாக வேறு தேசத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். குளிர்காலம் முழுக்கக் குடும்பத்தில் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

அந்த வருஷம் வில்லாக் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் எழுந்தான். "காபி வாங்கிட்டு வரேன்" என்றான்.

ரோஸ்வீட்டா வழக்கம்போலக் காலைப் பார்த்தாள். "லேஸ் அவுந்திருக்கு பாரு. கட்டிக்கிட்டுப் போ."

"வந்து கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வில்லாக்கில் ரயில் பிரிந்தது. ஆள் வரவில்லை. 'இந்த வருஷத்து மாமா நம்ம ஆளுதான்' என்று அவள் தனியே உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். வெனிஸ் போய்ச் சேர்ந்து, விடுதி வரவேற்பறையில் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போன் வரவில்லை. மூன்று நாட்டுப் போலீஸும் தேடியது. சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறியவர், 'இரண்டு காபி வாங்கிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பிப் போனார்' என்றார். வழியில் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்: உயரமான ஆள், இரண்டு கையிலும் கோப்பை, 'கொஞ்சம் வழி விடுங்க' என்று சொல்லிக்கொண்டே போனார். முன்பாதியின் கடைசிப் பெட்டியில், கதவோரத்தில் அந்த இரண்டு கோப்பைகளும் கிடைத்தன. தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. மூடி போட்டபடி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

அவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் தெரியாது.

நவம்பரில் எங்கள் ஊரில் எல்லோரும் அவரவர் செத்தவர்களின் கல்லறையில் விளக்கு வைப்பார்கள். அண்ணனுக்குக் கல்லறை ஏது? அப்பா அம்மா கல்லுக்குப் பக்கத்தில், ஓரமாக, யாருக்கென்று சொல்லாமல் இன்னொரு விளக்கு வைத்துவிட்டு வருவேன். ரோஸ்வீட்டா அதற்கும் வரமாட்டாள். "உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்குடி விளக்கு?" என்று சண்டைக்கு வருவாள்.

மறு வருஷம் ஆகஸ்டில் அதே ரயிலில் அதே இரண்டு இடங்களை முன்பதிவு செய்தாள். ஜன்னலோரம் எதிரெதிர் இருக்கைகள். அந்த ரயிலில் பழைய மாதிரிப் பெட்டிகள்தான், ஆறு பேர் உட்காரும் சின்னச் சின்ன அறைகள், கண்ணாடிக் கதவு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடம் காலியாகத்தான் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்தாலும், கதவைத் திறந்து தலையை நீட்டி "இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்காமல் யாரும் உட்கார மாட்டார்கள். கேட்காமல் உட்கார்ந்தால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். அப்படிக் கேட்டவர்களிடம் எல்லாம் ரோஸ்வீட்டா, "ஆள் இருக்கு. என் வீட்டுக்காரர் காபி வாங்கப் போயிருக்கார்" என்று சொன்னாள். வெனிஸ் வரை சொன்னாள். அடுத்த வருஷமும் சொன்னாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "பைத்தியமாடி உனக்கு? அவன் என் அண்ணன். எனக்கு மட்டும் வலிக்கலையா?" என்று கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு அடுத்த ஆகஸ்டில் துணைக்கு நானும் கிளம்பிவிட்டேன். தனியாக விட மனசு வரவில்லை. எனக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையவில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன், லீவு கேட்டால் கொடுப்பார்.

இப்படியே பல வருஷம் ஓடியது. ஒரு கோடையில்தான் நான் அதைக் கவனித்தேன். மக்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறப்பார்கள், வாயைத் திறப்பார்கள், பார்வை அந்த எதிர் இருக்கைக்குப் போகும். உடனே, "ஓ, மன்னிக்கணும்" என்று கதவை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு பெண்கள் தனியாக நிம்மதியாகப் போகட்டும் என்று விலகுகிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எல்லோருமே அப்படிப் போனார்கள். ஒரு கிழவர், "நிறைஞ்சிருக்கு, வா போகலாம்" என்று தன் மனைவியிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. அந்த இருக்கையில் ஒரு செய்தித்தாள்கூட இல்லை.

நான் ரோஸ்வீட்டாவைப் பார்த்தேன். அவள் எதிர் இருக்கையைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. லேஸ் இன்னும் அவுந்தே கிடக்கு."

அதற்குப் பிறகு மலைக்குள் நீளச் சுரங்கம் வந்தது. சுரங்கத்துக்குள் ஜன்னல் கறுத்து, உள்ளே இருப்பவர்களை அப்படியே காட்டும். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. வெளிச்சம் வரும்வரை கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கோழை என்று சொல்பவர்கள் ஒருமுறை அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வின்ஸென்ஸ் வந்தது இதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. மலைக் கிராமங்களுக்குப் பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். காலணி வாங்க வந்த இடத்தில் ரோஸ்வீட்டாவிடம் பேச்சு வளர்ந்து, ஒரே குளிர்காலத்தில் நாலு ஜோடி வாங்கிவிட்டார். ஒரு மனிதனுக்கு எதற்கு நாலு ஜோடி? ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆப்ரிகாட் பழம் வைத்த மாவு உருண்டை செய்து மூடிபோட்ட பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வருவார். அவள் சிரிப்பதை மறுபடி கேட்டது அப்போதுதான். அவருக்காக இல்லாவிட்டாலும் அந்தச் சிரிப்புக்காகவே நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அவர் கல்யாணத்துக்குக் கேட்டார். சட்டப்படி அவள் எப்போதோ விதவை என்று எழுதி வாங்கியிருக்கலாம். அவள்தான் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். அந்த ஆகஸ்டில் எங்களை ரயிலேற்ற வந்தவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்தார். எதிர் இருக்கைக்கு முன்னால் வந்ததும் அவர் கால் தானாக நின்றது. யாருடைய முழங்காலையோ இடித்துவிடாமல் இருக்க ஒதுங்குவது போல ஒதுங்கி, பெட்டியை மேலே வைத்தார்.

பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாகச் சொன்னார்: "ரோஸி, எனக்கும் வயசாகுது. மூணு பேரா குடித்தனம் பண்ண என்னால ஆகாது. ஒரு பதிலோட வா. பதில் இல்லைன்னா சொல்லி அனுப்பு, நான் ஸ்டேஷனுக்கு வரலை. கோபமில்ல, சத்தியமா. நின்னு பார்க்க முடியாது, அதான்."

ரயில் புறப்பட்ட பிறகு அவள் அழுதாள். நான் பார்க்காத மாதிரி சாண்ட்விச்சைப் பிரித்தேன்.

அன்று ரயிலில் கூட்டம் பிதுங்கியது. நடைபாதையெல்லாம் ஆட்கள், பெட்டிகள், ஊதாத ரப்பர் மிதவைகள். எங்கள் அறையில் எதிர் வரிசையில் ஒரு வயதான தம்பதி, என் பக்கத்தில் கதவோரம் காதில் பாட்டு மாட்டிய ஒரு கல்லூரி மாணவன். வழியில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். நடுத்தர வயது, வேர்த்துக் கொட்டியது, ஒரு காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல்.

"இங்க யாராவது..." என்று ஆரம்பித்து ஜன்னலோரம் பார்த்தாள். "அச்சச்சோ, மன்னிச்சுக்கோங்க" என்று கதவை மூடிவிட்டாள்.

ரோஸ்வீட்டாவின் கண் அந்த மாவுக்கட்டிலேயே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றாள். சுரங்கம் வந்தது, போனது.

வில்லாக் வந்தது. மாணவன் ரியெக்கா போகிறவன், எழுந்து முன்பாதிக்கு ஓடினான். ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் ரோஸ்வீட்டா எழுந்து ஜன்னலைத் திறந்து, முன்பாதி கழன்று போவதைக் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்ப்பாள். அன்று எழுந்திருக்கவில்லை. நான் என் கைப்பையை மாணவன் விட்டுப்போன இடத்தில் வைத்து, கால் நீட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரமாவது விசாலமாக உட்காரலாமே என்ற ஆசை. முன்பாதியிலிருந்து ஆட்கள் இங்கே வந்து ஏற, நடைபாதையில் இன்னும் நெருக்கடி. மாவுக்கட்டுப் பெண்ணை யாரோ இடித்து, ஊன்றுகோல் கண்ணாடியில் மோதியது.

ரோஸ்வீட்டா எழுந்து கதவைத் திறந்தாள். "உள்ள வாங்கம்மா. ஜன்னலோரம் உட்காருங்க, காலை நீட்டிக்கலாம்."

"எந்த இடம்?"

"அதோ, எனக்கு எதிர்ல. காலிதான்."

அந்தப் பெண் இவளையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சங்கடமாகச் சிரித்தாள். "இல்லைங்க... அவர் உட்கார்ந்திருக்காரே. அப்பவே ஆள் இருக்குன்னு தலையாட்டினாரே."

வயதான தம்பதி பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. அவர்களுக்கு இதில் விசேஷமாக எதுவும் தெரிந்த மாதிரியே இல்லை.

ரோஸ்வீட்டா அந்த இருக்கையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் காலைப் பார்க்காமல், முகம் இருக்க வேண்டிய உயரத்தில் பார்த்தாள்.

"லொய்ஸ்" என்றாள். "எழுந்திரு. அடுத்தவங்க நிக்கிறாங்க."

நான் பதறிப்போனேன். மாவுக்கட்டுக்காரியை என் பக்கத்திலாவது உட்காரவைத்து இந்தக் கூத்தை முடிப்போம் என்று தோன்றியது. என் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் ரயில்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கே உட்காரலாம், வாங்க.

ரெக்ஸின் மெத்தை தெரியுமல்லவா, கனமான ஆள் எழுந்தால் மெதுவாகக் காற்றை இழுத்துக்கொண்டு உப்பும். எதிர் இருக்கையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மாவுக்கட்டுப் பெண், "ரொம்ப நன்றி சார்" என்று என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சொல்லிவிட்டு, நொண்டி நொண்டிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அப்பாடா" என்று காலை நீட்டினாள்.

அதே நேரத்தில் என் பக்கத்து மெத்தை மெல்லத் தாழ்ந்தது.

நான் திரும்பவில்லை. ரயில் பின்பக்கமாக ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் புறப்பட்டது. ரோஸ்வீட்டா அந்தப் பெண்ணிடம் எலும்பு எப்படி உடைந்தது என்று விசாரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் தோள் இறங்கியிருந்தது, மூட்டை ஒன்றை இறக்கி வைத்த மாதிரி. இத்தாலிக்குள் உதினே ஸ்டேஷனில் ஒரு இளைஞன் கதவைத் திறந்து, என் பக்கத்து இடத்தைப் பார்த்து, "மன்னிக்கணும்" என்று மூடிவிட்டுப் போனான். அவள் அதைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது வின்ஸென்ஸ் பிளாட்பாரத்தில் பஸ் சீருடையோடு நின்றிருந்தார். அவள் சொல்லி அனுப்பவில்லை என்றால் வருவார் என்றுதானே ஏற்பாடு. ரோஸ்வீட்டா அவர் முன்னால் போய் நின்று, "உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

பாவம், மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "யாருமில்ல. உட்காரு" என்றார், நின்றுகொண்டே.

அக்டோபரில் கல்யாணம். சாப்பாட்டு மேஜையில் எனக்கு ஓரத்து இடம் கொடுத்திருந்தார்கள். பரிமாறிய பெண் என் முன்னால் ஒரு தட்டு வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒன்று வைத்தாள். "உங்க கூட வந்தவருக்கும் சூப்தானே?" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது, கல்யாண வீட்டில்?

ரோஸ்வீட்டா ஒவ்வொரு மேஜையாகப் பேசிக்கொண்டு என்னிடம் வந்தாள். பேச வாயெடுத்தவள் பழைய பழக்கத்தில் தரையைப் பார்த்தாள். என் கால், அதற்குப் பக்கத்தில். நெடுநேரம் அங்கேயே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இன்னுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் கட்டலை" என்றாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். "மன்னிச்சுக்கோ லிண்டே. நான் எழுந்திருன்னுதான் சொன்னேன். எங்க போகணும்னு சொல்லலை."

"நீ போ. உன் வீட்டுக்காரர் தேடுறார்" என்றேன். அவளை இன்னொரு முறை இதில் இழுத்துவிடக் கூடாது என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன்.

இப்போது நான் டவுன் பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கூட்ட நேரத்திலும், வயசானவர்கள்கூட, பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். பயமா என்று கேட்டால், பயம்தான். வீட்டில் சமையலறை நாற்காலி முனகும்போது இன்றைக்கும் கரண்டி நழுவுகிறது. ஆனால் அவன் என் அண்ணன். சின்ன வயதில் பனிச்சறுக்கு வண்டியில் என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு பின்னால் பிடித்துக்கொள்வான். இந்த நவம்பரில் அப்பா அம்மா கல்லுக்குப் பக்கத்தில் நான் கூடுதல் விளக்கு வைக்கவில்லை. வைக்க எடுத்த கையை யாரோ லேசாகத் தட்டிவிட்டது போல இருந்தது.

நேற்று மார்க்கெட் பஸ்ஸில் திரும்பி வரும்போது, என் நிறுத்தத்துக்கு முந்தின வளைவில், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையின் கீழே குனிந்து பார்த்தேன். ரோஸ்வீட்டாவுக்குத் தெரிகிற எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரப்பர் விரிப்பும் யாரோ போட்ட மிட்டாய்த் தாளும்தான். ஆனாலும் சொன்னேன், முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.

"வந்து கட்டிக்கிறேன்னுதானே அவகிட்ட சொல்லிட்டுப் போன? இப்பதான் வந்துட்டியே, லொய்ஸ். இறங்கணும். குனிஞ்சு கட்டு."

பஸ் நின்றது. நான் இறங்கவில்லை. அவன் கட்டி முடிக்கட்டும் என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.